குழாய்க்குள் மறைந்த முடிச்சு

 

வெள்ளிக்கிழமை மதரஸாவுக்கு விடுமுறை. மாதத்தில் இரண்டு வெள்ளிகளிலேனும் ஃபஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு நாம் கடலுக்குச் செல்வதுண்டு. ஜும்ஆவுக்குக் குளித்து ஆயத்தமாவதற்குள் கரை திரும்பிவிடுவோம். நம் ஊர் கீழக்கரைப் பக்கம். அண்டை வீட்டுக் காக்கா ஒருவரின் ஃபைபர் படகில், தீவுகளைச் சூழ்ந்த கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லையை விலக்கி, அதற்கு அப்பால் பதினைந்து பாக ஆழத்தில் தூண்டில் இறக்குவோம். நமக்கு அது ஓய்வு. காக்காவுக்கு அது பிழைப்பு. இவ்வேறுபாட்டை நாம் சற்றே மறந்ததால் நேர்ந்த ஒரு செய்தியைத்தான் இங்கு எழுதுகிறோம்.

நாம் பயன்படுத்துவது ஜிக் என்னும் தூண்டில். சிறு மீனின் வடிவில் வார்த்து, வெள்ளித் தகடு போல் மினுக்கம் பூசிய ஈயக்கட்டி அது. இரை கோக்க வேண்டியதில்லை. அடிவரை இறக்கி, கோலை விட்டுவிட்டு மேலே சுண்டினால், அடிபட்ட மீனைப் போலத் துள்ளித் துள்ளி ஏறும். பாரையும் சீலாவும் களவாவும் அதைத் துரத்திக் கவ்வும். முற்காலத்தில் இதன் வால்பகுதியில் மும்முனை முள்ளைக் கோத்தனர். அது பாறையில் சிக்கும். மீன் தலையை உதறும்போது ஈயத்தின் கனமே நெம்புகோலாகி முள்ளைக் கழற்றிவிடும். இரையைத் துரத்தும் மீன்கள் பெரும்பாலும் அதன் தலைப்பக்கத்தையே தாக்குகின்றன. ஆகவே தலைப்பக்கத்தில், குட்டையான மெல்லிய கயிற்றில் ஒற்றை முள்ளைத் தொங்கவிடும் வழக்கம் ஜப்பானியத் தூண்டில்காரர்களிடமிருந்து உலகெங்கும் பரவியது. அதற்கு அசிஸ்ட் ஹூக் என்று பெயர். துணைமுள் என்று சொல்லலாம். கயிறு வளைந்து கொடுப்பதால் ஈயத்தின் கனம் முள்ளை நெம்புவதில்லை.

கடையில் ஒரு சோடி வாங்கும் விலைக்குப் பல சோடிகளுக்கான பொருள் வாங்கிவிடலாம் என்பதால் இதை நாமே கட்டப் பழகினோம். உள்ளே குழல்போல் வெற்றிடம் இருக்கும்படி பின்னப்பட்ட கயிற்றில் ஒரு சாண் நறுக்கிக்கொள்ள வேண்டும். நீண்ட ஊசியால் அதன் ஒரு நுனியை அதன் வயிற்றுக்குள்ளேயே இழுத்துவிட்டால் ஒரு சிறு காது உண்டாகும். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் உள்நுனியை இறுகக் கவ்வும். அங்கு முடிச்சே தேவையில்லை. மறுநுனியை முள்ளின் துளை வழியே விட்டு, முள்ளின் தண்டோடு சேர்த்து ஏழு சுற்றுச் சுற்றி, சுற்றுகளுக்கு அடியில் நுனியைச் செருகி இறுக்க வேண்டும். பிறகு ஒரு துளிப் பசை, அதன்மேல் தையல்நூல் வரிச்சுற்று, எல்லாவற்றுக்கும் மேல் வெப்பத்தில் சுருங்கும் கறுப்புக் குழாய். காதை ஒட்டில்லாத எஃகு வளையத்தில் மாட்டினால் வேலை முடிந்தது. முள்ளின் வாய் ஜிக்கின் அகலத்தைவிட விரிந்திருக்க வேண்டும். தொங்கும் முள் ஜிக்கின் மூன்றிலொரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது; நீண்டால் நரம்பில் சிக்கிக்கொள்ளும்.

இவ்வேலையில் கடினமான கட்டம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கயிறு மெழுகு தடவியது போல் வழுக்கும். ஆதலால் சுற்றிய முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி, கதவு நிலையில் அடித்த ஆணியில் முள்ளை மாட்டி, குறட்டால் முழு பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே நழுவாத முடிச்சையே கடலில் நம்பலாம்.

தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, கவசம் செய்யவும் அதன் வளையங்களைச் சரியான அளவில் இணைக்கவும் கட்டளையிட்டதை ஸூரத்துஸ் ஸபஉவில் ஓதுகிறோம். ஒரு நபியின் கைத்தொழிலில் வளையத்தின் அளவுகூட வஹீயில் பேசப்பட்டிருக்கிறது என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அறுக்கும் பிராணிக்கு வேதனை குறைய வேண்டுமென்று கத்தியைத் தீட்டச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். வாயில் முள்ளோடு அறுத்துக்கொண்டு ஓடும் மீன் நமக்கும் உதவாமல், தானும் துன்புறுகிறது. ஆகவே நல்ல முடிச்சும் இஹ்ஸானில் சேரும் என்றும் பேசியிருக்கிறோம். பேசுவது எளிது.

நாம் கட்டியவற்றைக் கண்ட காக்கா தமக்கும் ஒரு டஜன் கேட்டார். அன்பளிப்பாகத் தருகிறோம் என்றோம். "சும்மா வாங்குனா எனக்கு மனசு ஒப்பாது ஹஜ்ரத்" என்று விலையைக் கையில் வைத்துவிட்டார். ஒரு நாள் அஸருக்குப் பின் கட்ட அமர்ந்தோம். பன்னிரண்டாவது முள்ளில் நான்கு சுற்று முடிந்தபோது மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. மறுநாள் கொடுக்கலாம் என்று எழுந்திருக்கலாம். நாமோ நான்கு சுற்றோடு நுனியைச் செருகி, ஆணியில் மாட்டாமல், நூலும் சுற்றாமல், குழாயைப் போர்த்தித் தீக்குச்சியால் சூடுகாட்டினோம். பார்ப்பதற்குப் பன்னிரண்டும் ஒன்றுபோல் இருந்தன.

ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை இஷாவுக்குப் பின் காக்கா வந்தார். கையில் வளையமும் கயிறும் இருந்தன, முள் இல்லை. "பெரிய சீலா ஹஜ்ரத். படகு பக்கத்துல வந்து பல்லால அறுத்துட்டுப் போயிருச்சு" என்றார். சென்னையில் வஞ்சிரம் என்பார்களே, அதே மீன்தான். அதன் பல் கூர்மையானது, கயிற்றை அறுக்கவல்லது. ஆனால் அறுந்த கயிறு குட்டையாக இருக்கும், நுனி பிசிறியிருக்கும். நம் கையில் இருந்ததோ முழு நீளக் கயிறு. நுனி நாம் நறுக்கியபடியே இருந்தது. அதன்மேல் நான்கு சுருள்களின் தடம் அப்படியே பதிந்திருந்தது. அவருக்குத் தெரியாத செய்தி அந்தத் தடத்தில் நமக்குத் தெரிந்தது. "கடல்ல போனது போனதுதான்" என்று அவரே நமக்கு ஆறுதல் சொன்னார். நாம் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமைப் பாடம் வியாபாரத்தின் ஒழுக்கங்கள். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வினவியதையும் விளக்கிக்கொண்டிருந்தோம். அறிந்த குறையை வாங்குபவரிடம் சொல்வது விற்பவரின் கடமை. மறைக்கப்பட்ட குறைக்காகப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஒரு சிறுவன் எழுந்து கேட்டான்: "ஹஜ்ரத், வாங்குனவர் கண்டுபிடிக்கவே இல்லைன்னா?"

அவனுக்கு உரிய பதிலைச் சொன்னோம். சொல்லும்போது நம் குரல் நமக்கே அந்நியமாகக் கேட்டது.

அன்றிரவே காக்காவின் வீட்டுக்குச் சென்று உள்ளதைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, உள்ளேயிருந்து ஒரு சுருள் எஃகுக் கம்பியை எடுத்து வந்து முன்னால் வைத்தார். சீலாவின் பல்லுக்குப் பயந்து புதன்கிழமை காலையில் வாங்கியதாம். இரண்டு நாள் நம் மௌனத்தின் விலை அது. நாம் மறைத்தது ஒரு மீனின் கணக்கை மட்டும் என்று எண்ணியிருந்தோம். ஒரு மனிதர் தம் தொழிலைப் பற்றி எடுக்கும் முடிவையே பிழையாக்கிவிட்டோம்.

முள்ளின் விலையும் கம்பியின் விலையும் பெற்றுக்கொண்டார். மீனின் விலையை எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை. "அது ரிஜ்கு ஹஜ்ரத். எனக்கு எழுதலை" என்றார். அச்சொல்லைச் சொல்லும் தகுதி அவருக்கு உண்டு. முடிச்சைக் கட்டிய நாம் அதைச் சொல்லியிருந்தால், விதியின் பெயரால் நம் சோம்பலை மூடியவர்களாவோம்.

எழுந்தபோது, "மத்ததெல்லாம்?" என்று கேட்டார். எஞ்சிய பதினொன்றையும் வாங்கி வந்து ஆணியில் மாட்டி இழுத்தோம். பத்து தாங்கின, ஒன்று நழுவியது. ஏழு சுற்றும் முறையாகச் சுற்றிய முடிச்சுதான் அது, இறுக்கம் போதவில்லை. குறை ஒரு பாங்கு நேர அவசரத்தில் மட்டுமே நேர்ந்தது என்ற சமாதானமும் அத்தோடு போயிற்று.

இப்போதும் கட்டுகிறோம். கறுப்புக் குழாயை விட்டுவிட்டோம். உள்ளே உள்ள சுற்றுகளை எண்ணக்கூடிய நிறமற்ற குழாயைத்தான் போர்த்துகிறோம். காக்காவுக்குக் கொடுப்பதை அவர் கண்முன்னே ஆணியில் மாட்டி இழுத்துக் காட்டிய பிறகே கொடுக்கிறோம். அவர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சுற்றுகளை ஏழு வரை எண்ணிப் பார்க்கிறார்.

நம் கைகளின் வேலையிலும் நாவின் வார்த்தையிலும் அல்லாஹ் நேர்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.