காத்தடிக்கிற மிஷின்

கடையில் கேட்ட முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?" இரண்டாவது, "எந்த ஒர்க்‌ஷாப்புக்கு?" என்ன வேண்டும் என்பதை மூன்றாவதாகத்தான் கேட்டார்கள். பாரிமுனையில் இரும்புச் சாமான் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் ஒன்று அது. வீட்டுக் காருக்குக் காற்றடிக்கவும் சின்னச் சின்ன ரிப்பேர் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஏர் கம்ப்ரசர் வேண்டும், பத்தாயிரத்துக்குள் இருந்தால் நல்லது என்றேன். கடைக்காரர் என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். விலை பேச யாராவது ஆண் பின்னால் வருவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன், கவிதை எழுதுகிறேன். ஆனால் சக்கரத்தின் நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது நாற்பத்து நான்கு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் அப்பா எண்ணூரில் லாரி செய்யும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டால் தம்பியைத்தான் கூப்பிடுவார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "கையெல்லாம் கிரீஸ் ஆவும், நீ போய்ப் படிம்மா" என்பார். அன்பாகத்தான் சொன்னார். நானும் போய்ப் படித்தேன். தம்பி இப்போது பெங்களூரில் ஒரு வங்கியில் இருக்கிறான். அப்பாவின் டூல்ஸ் பெட்டியை அவர் காரியம் முடிந்ததும் அவன் வீட்டுக்கு எடுத்துப்போனான். அது இன்னும் பரணில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியாமல் போனது வேடிக்கைதான். எங்கள் ஊரே சக்கரத்தாலும் காற்றாலும் ஆனது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்துதான் ஆரம்பித்தது; டயர் பிறகு வந்தது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதுதான் பின்னாளில் அசோக் லேலண்ட். புல்லட் வண்டியும் திருவொற்றியூரில் தயாரானது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசை நெடுகப் பஞ்சர் கடைகள். இத்தனை சக்கரத்துக்கு நடுவில், காற்றுக் குழாயைக் கையில் பிடித்த ஒரு பெண்ணை நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை.

கம்ப்ரசர் வாங்கும் எண்ணம் வந்தது ஒரு ராத்திரியில். 2023 டிசம்பர் 26. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் வந்து படிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆற்றோரத்தில் வலையிலும் படகிலும் கருப்பு இன்னும் போகவில்லை. அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்குள் போகும் அமோனியாக் குழாயில் கசிவு. எர்ணாவூரில் எங்கள் தெருவுக்கு அந்த நெடி வந்தபோது, யாரோ பினாயில் பாட்டிலை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்தேன். பிறகு கண் எரிந்தது. தெருவில் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் தெருவில் எந்தச் சங்கும் ஊதவில்லை. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை.

அம்மாவுக்கு வீசிங். நெபுலைசர் இல்லாமல் அவளுக்கு ஒரு ராத்திரி போகாது. கணவருக்கு அன்று துறைமுகத்தில் நைட் டியூட்டி. அம்மாவின் முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக் காரில் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். பத்தடி போனதும் ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன்பக்க டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. காலையிலிருந்தே காற்று இறங்கியிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டிய வேலை என்னுடையது என்று நான் நினைத்திருந்ததும் இல்லை.

டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்து, யாரோ செய்து எப்போதோ பார்த்த ஞாபகத்தில் வண்டியைத் தூக்கினேன். பிறகு நட்டைத் திருகினேன். சக்கரமும் சேர்ந்து சுற்றியது. வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி போட வேண்டும் என்பது அப்போது தெரியாது. ஸ்டெப்னியை வெளியே உருட்டினேன். அதை அமுக்கிப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. அதிலும் காற்று இல்லை.

எங்களைக் காப்பாற்றியது காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் பக்கத்து வீட்டு அக்கா. அவர் மகனின் குட்டியானையில், மீன் பெட்டிகளுக்கு நடுவில் நாங்கள் ஏழெட்டுப் பேர். "இன்னாத்துக்கு அங்கியே நின்னுகினு கீற? அம்மாவ ஏத்து" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா நெபுலைசர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அதைச் சொருக வண்டியில் ஏது பிளக்? திருவொற்றியூரில் ஒரு தெரிந்தவர் வீட்டு வராந்தாவில் அதை மாட்டி ஓடவிட்டபோது மணி இரண்டு. அன்று பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் பலர், வண்டி எதுவும் இல்லாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தே போனார்கள். கார் உள்ளவளின் கஷ்டம்தான் இது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் இருந்த ஒன்றை ஓட்ட முடியாமல் நின்ற பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை.

அந்த வராந்தாவில் நெபுலைசரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஒரு சின்ன மோட்டார் காற்றை அழுத்தி அனுப்புகிறது; அந்தக் காற்று மருந்தைப் புகையாக்குகிறது. அதுவும் ஒரு ஏர் கம்ப்ரசர்தான். ஆறு வருடமாக அதைக் கழுவி, டியூப் மாற்றி, ஃபில்டர் மாற்றி நான்தான் பராமரிக்கிறேன். அதற்கு 'சார்' யாரும் வர வேண்டியிருக்கவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மிஷின் தெரியும், டயரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தெரியாது என்று யார் முடிவு செய்தது?

முதலில் வாங்கியது காரின் 12 வோல்ட் பிளக்கில் சொருகும் சின்ன இன்ஃப்ளேட்டர். இரண்டாயிரம் ரூபாய்க்குள் வரும். படிக்கிற உங்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு போட்டால் இறங்கிய டயரை ஐந்து, பத்து நிமிடத்தில் நிரப்பிவிடும். சின்னக் காருக்கு 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருந்தால் சரி. சரியான எண் டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். மாதம் ஒருமுறை நான்கு சக்கரத்தையும், மறக்காமல் ஸ்டெப்னியையும், வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும். கூடவே நீளக் கைப்பிடி உள்ள வீல் ஸ்பானர் ஒன்று. கை வலுவில்லை என்றால் அதன்மேல் ஏறி நிற்கலாம். நட்டு இடப்பக்கமாகக் கழலும்.

எனக்கு அது போதாமல் போனதற்குக் காரணம் தூசி. நிலக்கரித் தூளும் சாம்பலும் லாரிப் புழுதியும் சேர்ந்து எங்கள் காரின் ஏர் ஃபில்டரை மாதத்துக்கு ஒருமுறை அடைக்கின்றன. அதை ஊத வேண்டும், ஏ.சி.யின் முன்வலையை ஊத வேண்டும். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கிடம் போனால் அரை நாளும் முந்நூறு ரூபாயும் போகும். இதற்கெல்லாம் தொட்டி வைத்த கம்ப்ரசர்தான் சரி.

கடையில் எல்லோரும் அழுத்தத்தைப் பற்றியே பேசினார்கள். "எட்டு பார் மேடம், நூத்திப் பதினாறு பி.எஸ்.ஐ." டயருக்கு முப்பதுதானே வேண்டும்? அழுத்தம் எல்லா மிஷினிலும் போதுமான அளவு இருக்கிறது. கேட்க வேண்டியது, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தரும் என்பது. அதை லிட்டரிலோ சி.எஃப்.எம். என்ற கன அடிக் கணக்கிலோ சொல்வார்கள். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அதிலும் ஒரு தந்திரம் உண்டு. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் காற்று. குழாய் வழியாக வெளியே வருவது அதைவிடக் குறைவு. சின்ன மிஷின்களில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையலாம். "வெளிய வர்ற காத்து எவ்ளோ?" என்று கேட்டேன். கடைக்காரர் அப்போதுதான் வாசலைப் பார்ப்பதை நிறுத்தினார்.

நட்டு கழற்றும் ஏர் கன்னும் வாங்கச் சொன்னார். கணக்குப் போட்டேன். அதற்கு 90 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு நாலைந்து கன அடி வேண்டும். ஒரு எச்.பி. மிஷின் அதைத் தொடர்ந்து தராது. தொட்டியில் உள்ள காற்றில் சில நட்டுகளைக் கழற்றிவிட்டு நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு என் நீளக் கைப்பிடி போதும். பெரிய பெல்ட் மிஷினோ விலை இரண்டு மடங்குக்கு மேல், எண்ணெய் மாற்ற வேண்டும், நகர்த்த இரண்டு பேர் வேண்டும். எண்ணெய் போடாத மிஷின் ஆயுசு கொஞ்சம் குறைவு, ஆனால் நான் ஒருத்தியே தூக்கலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

புதுப்பேட்டையில் பழையது நாலாயிரத்துக்குக் கிடைத்தது. புதுப் பெயின்ட், பளபளப்பு. தொட்டியின் உள்ளே துரு எவ்வளவு என்று பார்க்க வழியில்லை. அரித்த தொட்டி அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அங்கே மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு எச்.பி., 24 லிட்டர் தொட்டி, எண்ணெய் இல்லாதது, ஒன்பதாயிரத்துச் சொச்சம். மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாமல், 16 ஆம்ப் பிளக்கில் நேராக மாட்டினேன். கிளம்பும்போது அது இழுக்கும் மின்சாரம் அதிகம்.

காசை எண்ணி வாங்கிக்கொண்டு கடைக்காரர் ஒன்று சொன்னார். "தொடர்ந்து ஓட்டாதீங்க மேடம். பத்து நிமிஷம் ஓடினா பத்து நிமிஷம் ரெஸ்ட் குடுக்கணும். இல்லன்னா எரிஞ்சிடும்." இதற்கு டியூட்டி சைக்கிள் என்று பெயர், மிஷினின் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறது. பேருந்தில் வரும்போது எனக்குக் குறுந்தொகை 172-ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. கச்சிப்பேட்டு நன்னாகையார் என்ற பெண் பாடியது. ஏழு ஊர்களின் வேலைக்கும் சேர்த்து ஓர் ஊரில் வைத்த ஒரே கொல்லுலைத் துருத்தியைப் போல, ஓய்வில்லாமல் வருந்துகிறது தலைவியின் நெஞ்சு. பதினைந்து வருடமாக அதைப் பிரிவுத் துயரம் என்று வகுப்பில் நடத்துகிறேன். துருத்தி மிதிப்பவனின் கால் வலியும் தோல் தேயும் வேகமும் தெரிந்த பெண்தான் அந்த உவமையைச் சொல்லியிருக்க முடியும் என்பது அன்றுதான் உறைத்தது. கல்லூரி, அம்மா, சமையல், விடைத்தாள் என்று நானும் எத்தனையோ ஊருக்கு மிதிபடுகிறேன். ஒன்பதாயிரம் ரூபாய் மிஷினுக்கு எழுதிக் கொடுத்த ஓய்வை எனக்கோ, அம்மாவுக்கோ யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமை காலை என் வேலை இது. ரெகுலேட்டரை 30-க்குக் கீழே குறைத்து, ஃபில்டரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதுகிறேன். அழுத்தம் கூடினால் காகிதம் கிழியும். பிரேக் தூசியை மட்டும் ஊதுவதில்லை, அது நுரையீரலுக்குக் கெடுதல், ஈரத்துணியால் துடைக்கிறேன். காற்றுக் குழாயை யார் உடம்பின் பக்கமும் திருப்பக் கூடாது என்பது பிள்ளைகளுக்குக் கண்டிப்பான விதி. விளையாட்டாக உடம்புக்குள் காற்றைச் செலுத்தி உயிர் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறக்க வேண்டும். முதல் தடவை திறந்தபோது அரைத் தம்ளர் தண்ணீர் வந்தது. "இம்மாந் தண்ணி எங்கருந்துடி வந்துச்சு?" என்றாள் அம்மா. காற்றிலிருந்துதான். கடலோரக் காற்றை அழுத்தினால் அதில் இருந்த ஈரம் தண்ணீராகிவிடுகிறது. வடித்துவிடாவிட்டால் தொட்டியை உள்ளிருந்தே தின்றுவிடும்.

இந்த மிஷின் எங்கள் காற்றைச் சுத்தமாக்காது. இன்னொரு ராத்திரி அந்த நெடி வந்தால் வேண்டியது சங்கு, முன்னறிவிப்பு, எல்லோரையும் ஏற்றிப்போக வண்டி. அதை வீட்டுக்கு ஒன்றாகக் கடையில் வாங்க முடியாது; கேட்டு வாங்க வேண்டியது. கேட்கும் கூட்டங்களுக்கு நான் போகிறேன், காரில்தான் போகிறேன், டயரைப் பார்த்துவிட்டு.

எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடு. ஸ்கூட்டிகள், பிள்ளைகளின் சைக்கிள்கள், போன மாதம் அக்காவின் குட்டியானை. மூன்றாவது டயர் முடிந்தபோது மிஷினைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் ஆகும்க்கா என்றேன்.

"மிஷினுக்கே ரெஸ்ட்டா? நான் காலைல மூணு மணிக்கு எய்ந்தவ" என்று சொல்லிவிட்டு அக்கா படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அம்மா உள்ளிருந்து யாருக்கெல்லாம் டீ என்று கேட்டாள். நீயும் வந்து உட்காரு, டீ அப்புறம் போட்டுக்கலாம் என்றேன்.