ஊர் கேட்கச் சொன்ன ரகசியம்

பேங்க்கில் இருந்து ஓடிபி வரும்போதெல்லாம் எனக்குக் கணியூர் அண்ணன் நினைப்புத்தான் வரும்.

நான் ஹாம் ரேடியோ ஆள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: கையடக்க செட்டின் அலை மேடு பள்ளம் தாண்டி அதிக தூரம் போகாது. அதனால் மலைமேல் ரிப்பீட்டர் வைப்பார்கள். நாம் பேசுவதை ஒரு அலைவரிசையில் வாங்கி, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் பலமாகத் திருப்பி அனுப்பும். அதை ஆட்டிவைக்கும் மூளைக்கு கன்ட்ரோலர் என்று பெயர். மலையேறாமலே, செட்டில் உள்ள பட்டன்களால் ரகசிய எண் அடித்து அதை நிறுத்தலாம், ஓட்டலாம். ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஒலி. 5 என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ். டெலிபோனில் கேட்குமே, அதே சத்தம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில், போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அம்மாவின் ஹாம் குழு அந்தமான் செய்திகளை வெளியுலகுக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு ரிப்பீட்டர் எங்களுக்கு விளையாட்டுச் சாமானாக இல்லை. எங்கள் வட்டாரத்து ரிப்பீட்டர் எனக்கும் கணியூர் அண்ணனுக்கும் பொறுப்பாக வந்தது. கன்ட்ரோலருடன் வந்த எண்ணை மாற்றி ஆறு இலக்கத்தில் புதிது போட்டேன். தெரிந்தது இரண்டே பேருக்கு.

மழைக்காலத்து ராத்திரி ஒன்றில் ரிப்பீட்டர் நின்றது. ஓட்டிவிட்டேன். இரண்டு நாளில் மறுபடி நின்றது. எண்ணை மாற்றி அண்ணனுக்குச் சொன்னேன். ஒரே வாரம், மறுபடி. மூன்றாம் தடவை மாற்றியபோது அவரிடம் சொல்லவில்லை.

பழைய எண்ணை அடித்துப் பார்த்திருக்கிறார் மனுஷன். மறுநாள் காலை டிவிஎஸ் 50-ல் வந்து இறங்கினார், கையில் டேப் ரெக்கார்டர்.

"ஏனுங்க தம்பி, எம்மேல சந்தேகமுங்களா?"

எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து ஷெட்டில் தறிச் சத்தம் மட்டும்.

"உள்ள போயி எண்ணை அடிச்சு நிறுத்துங்க, மறுபடி ஓட்டுங்க" என்றவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். செய்தேன். ஐந்து நிமிஷத்தில் ரிப்பீட்டர் மறுபடி நின்றது. வெளியே வந்தால், ஓடுகிற டேப்பைத் தன் செட்டின் மைக்கருகே பிடித்துக்கொண்டிருக்கிறார்!

மலையிலிருந்து வரும் ஒலியில் பட்டன் சத்தத்தை கன்ட்ரோலர் மறைத்துவிடும். அதை நம்பித்தான் இருந்தேன். அவரோ என் செட்டிலிருந்து மலைக்குப் போவதை நேராகவே கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்.

"எண்ணு தெரியவே வேண்டியதில்லீங்க. சத்தம் போதும்."

சங்கேதமாக அனுப்பலாமே என்பீர்கள். ஹாம் விதிப்படி வெளிப்படையான மொழியில்தான் பேச வேண்டும். வழியையும் அண்ணனே சொன்னார்: மறைக்க முடியாத எண்ணை ஒருமுறைக்கு மேல் செல்லாதபடி செய்துவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் படித்த தம்பி ஒருவர் 8051 சிப்பில் புரோகிராம் எழுதி கன்ட்ரோலரோடு சேர்த்தார். உள்ளே வரிசையாக 50 எண்கள், அதே வரிசை என் டைரியில். அடித்த எண் அத்தோடு செத்துவிடும். தொல்லையும் நின்றது. அந்த விஷமி யாரென்று இன்றுவரை தெரியாது.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேனா? ஒழுங்காகக் கேட்கவில்லை. "டீ சாப்பிடறீங்களாண்ணா" என்றேன். குடித்துவிட்டுப் போனார். டைரி இன்னும் இருக்கிறது. 17 எண்கள் அடித்திருக்கின்றன. அதில் பாதி அவர் பேனா.