பலகையும் இழைப்புளியும்

ரப்பர்த் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நான், ஜொகூர் பாருவிலுள்ள என் வீட்டுத் தோட்டத்திற்கு ஓர் இருக்கை செய்ய எண்ணி மரவாடிக்குச் சென்றேன். ரப்பர்ப் பலகையே போதாதா என்றனர் நண்பர். ஏறக்குறைய 25 ஆண்டு பால் தந்தபின் வெட்டப்படும் அம்மரம் முன்னாளில் விறகாயிற்று. 1980களில் வளர்ந்த தொழிலால் இன்று மூவாரில் மேசை நாற்காலிகளாகின்றது. ஆயினும் மழையில் நிறுத்தினால் பூஞ்சணமும் கறையானும் அதனை விடமாட்டா. வெளியில் நிலைப்பது மலாய்க்காரர் செங்கால் என வழங்கும் காட்டு மரமே.

அறுத்தபடியே விற்கும் பலகையை வாங்குவோர் வெடிப்பும் வளைவும் பார்த்து எடுத்தல் வேண்டும். இடையிடையே சிறு சட்டங்களிட்டு நிழலில் அடுக்கி, இரு முனைகளிலும் மெழுகு பூசி உலர விடுக. உலராமுன் இழைத்தால் பின்னர் முறுக்கிக்கொள்ளும். கடினமான மரமாதலால் இழைப்புளியை அடிக்கடி தீட்டுக. எண்ணெய் பூசினால் நிறம் காக்கும். பூசாவிடில் நரைக்குமேயன்றி வலிமை எளிதில் குன்றாது.

"இங்கிலீஷ் படித்தவர் தச்சு வேலை செய்வதா?" என்று அயலார் ஒருவர் நகைத்தார். அன்பர்களே, பல தலைமுறை நின்று வளர்ந்த மரத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கவனமின்றி மக்க விடுவதற்கன்றோ நாம் நாணவேண்டும்? இழைப்புளி பிடித்த கைக்கு நாணம் எதற்கு?