பொடி வைத்த துவக்கு

நானூறு டொலர் என்று சொன்னேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் இரக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். விலையைவிட அந்த இரக்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

நாங்கள் இருக்கிற புரோசார்ட் நகரில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து. அந்தப் பகுதித் தெருக்களின் பெயர்கள் எல்லாம் அந்த எழுத்தில்தான் தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் ஒரு தெருவைத் தேடி இன்னொரு தெருவில் நிற்பார்கள். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற மதாமுக்கு எண்பது தாண்டிவிட்டது. கணவர் போய் ஒரு வருடம் கழித்து நிலவறையை ஒதுக்கும்போது, அவருடைய ஆணிப்பெட்டிக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய றிவோல்வர் ஒன்று கிடைத்திருக்கிறது. பொலிசைக் கூப்பிடுவதா, என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் ஓடிவந்தார். பழைய மணிக்கூடு, தராசு, பூட்டு என்று நான் வாங்கி விற்பது தெருவுக்கே தெரியும்.

"இஞ்சேருங்கோ, அந்தத் துவக்கை வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ," என்றாள் மனைவி. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவளுக்குத் துவக்கில் பழசு புதுசு கிடையாது. கராஜில் வைத்துத்தான் பார்த்தேன்.

ஸ்மித் அன் வெசன், நியூ மொடல் நம்பர் த்ரீ. 1878-இல் வரத் தொடங்கிய வகை. தாழ்ப்பாளைத் தூக்கிப் பரலைக் கீழே மடக்கினால், சுட்டு முடிந்த ஆறு கோதுகளையும் ஒரே தள்ளில் வெளியே தள்ளும். நான் முதலில் பார்த்தது சிலிண்டரின் துளைகளை. கனடாச் சட்டப்படி, 1898-க்கு முன் செய்த கைத்துப்பாக்கி சட்டம் பட்டியலிட்டிருக்கிற சில தோட்டாக்களுக்கென்று செய்யப்படாமலும், பின்னால் அவற்றுக்கென்று மாற்றப்படாமலும் இருந்தால் அது தொல்பொருள். லைசன்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். .44 ரஷ்யன் தோட்டா அந்தப் பட்டியலில் இல்லை; .44-40 வின்செஸ்டர் இருக்கிறது. யாரோ ஒருவன் துளையைக் கடைந்து பெரிதாக்கி இருந்தால், நூறு வருடத்துக்கு மேற்பட்ட இந்த இரும்பு ஒரே நாளில் வேறு சட்டத்துக்குள் போய்விடும். பார்த்தேன். கடையவில்லை. பழைய .44 ரஷ்யன்தான். 2022 ஒக்டோபர் 21-இல் அரசு கைத்துப்பாக்கி வாங்கல் விற்றலை முடக்கிய பிறகு, இப்படித் தப்பி நிற்கிற தொல்பொருளுக்கு ஆட்கள் அலைவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த நிமிடமே இதை நான்தான் வாங்குவது என்று முடிவுகட்டிவிட்டேன். விலை சொல்லக் கேட்கப்பட்டவன் வாங்குகிறவனாக மாறிவிட்டதை மதாமிடம் சொல்லவில்லை.

என் அப்பா நகை வேலை செய்தவர். உரைகல்லைக் கையில் எடுக்கமுன், பற்றவைத்த இடத்தைத்தான் பார்ப்பார். பொன்னோடு பொன்னை ஒட்ட வைக்கிற பொடியில் பொன் குறைவு. பழைய நகையில் அது எவ்வளவு என்று தெரியாமல் விலை சொல்ல முடியாது. அந்தக் கண் எனக்கும் வந்திருக்கிறது. பரலின் நுனியில் இருந்த குறிமுள்ளின் அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு, நிக்கலுக்கு அடியில் மங்கலாக. ஈயப்பற்று. கொம்பனியில் செய்தது அப்படி இராது. அப்படியென்றால் பரலை யாரோ வெட்டிக் குறிமுள்ளைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். பரலின் முதுகில் இருந்த காப்புரிமைத் திகதிகளின் வரி நடுவில் இல்லாமல் வாய்ப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. எழுத்துகளின் விளிம்பு, சூப்பிய இனிப்பைப்போல மழுங்கியிருந்தது. பூச்சுக்கு முன் நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். சுத்தியலிலும் நிக்கல். எலும்புக்கரியில் வைத்துச் சுட்டு எடுத்த, நீலமும் பழுப்பும் கலந்த மேகநிறம் இருக்கவேண்டிய இடம் அது. கைபிடியின் அடியில் சீரியல் நம்பருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இல்லை. கொம்பனியே திருப்பிப் பூசிக் கொடுத்திருந்தால் அந்தக் குறியை அடித்திருப்பார்கள்.

நம்பர்கள் மட்டும் உண்மை பேசின. கைபிடியின் அடியிலும், சிலிண்டரின் பின்முகத்திலும், மரப்பிடியின் உட்புறத்திலும் ஒரே நம்பர். நம்பரின் அருமை எனக்குத் தெரியும். 2016-இல் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில், கறுப்பு மை பூசிக் கிடந்த பழைய கோல்ட் பிஸ்டல் ஒன்றைச் சுரண்டியபோது 168896 என்ற நம்பர் தெரிந்தது. 1928-இல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட பகத் சிங்கின் ஆயுதம் அதுதான் என்று தெரியவந்தது. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு ஒரு கிழமை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன் நான்.

மதாமின் சமையலறை மேசையில் அந்தக் குறைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பூதக்கண்ணாடியைக் கொடுத்து ஈயப்பற்றைக் காட்டினேன். "வெட்டிப்போட்டார்கள் மதாம், பூசியும் விட்டார்கள். சேகரிக்கிறவர்கள் இதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்." சொன்ன குறைகள் அத்தனையும் உண்மை. மாற்றம் என்றாலே பழுது என்று அவரை நம்பவைத்ததுதான் பொய். அப்படி ஒரு விதி கிடையாது. துளை பின்பக்கம்வரை ஊடுருவிய சிலிண்டருக்கு ரோலின் வைட் வைத்திருந்த காப்புரிமை 1869-இல் முடிந்தது; அதற்குப் பிறகு கோல்ட் கொம்பனி தன்னுடைய பழைய கேப் றிவோல்வர்களைத் தோட்டா போடுகிற மாதிரி மாற்றி விற்றது. அந்த மாற்றத்தையே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டினது யார், எப்போது, எதற்கு என்று பார்த்துத்தான் விலை. மதாமின் துவக்கு அந்த ரகம் இல்லைதான். ஆனாலும் நானூறு டொலர்ச் சாமானும் இல்லை.

அவர் காசை எண்ணவில்லை. சீனித் தார்த் ஒரு துண்டு வெட்டித் தந்தார். சாப்பிட்டேன்.

பிறகு கடிதம். ஸ்மித் அன் வெசன் கொம்பனியின் பழைய பதிவேடுகளைப் பார்த்து, இந்த நம்பர் துவக்கு எப்போது, எந்த நீளத்தில், என்ன பூச்சோடு வெளியே போனது என்று எழுதித் தருகிற வழக்கம் உண்டு. பல வருடம் கொம்பனியின் வரலாற்றாளர் ரோய் ஜிங்ஸ் அந்தக் கடிதங்களை எழுதினார். இப்போது அவர்களின் வரலாற்று அறக்கட்டளை பார்க்கிறது. நான் எழுதிக் கேட்டிருந்தேன். என் கண் பிழைத்திருக்கக் கூடாதா என்ற நப்பாசை. பதில் வந்தது: 1889, ஆறரை அங்குலப் பரல், நீலப் பூச்சு. என் கையில் இருந்தது ஐந்து அங்குலம், நிக்கல். கண் பிழைக்கவில்லை. கடிதத்தை மடித்து லாச்சிக்குள் வைத்தேன்.

அந்த வகைத் துவக்கு கொம்பனியிலிருந்தே ஐந்து அங்குலத்திலும் வந்தது, நிக்கலிலும் வந்தது. விற்கிறவனுக்கு அது போதும். வாங்க வந்தவன் ஷேர்ப்றூக் பக்கத்துப் பெடியன், முப்பது வயது இருக்கும். பூட்டுப் போடுகிற, உள்ளே தெரியாத பெட்டி கொண்டுவந்தான். தொல்பொருள் என்றாலும் கைத்துப்பாக்கியை அப்படித்தான் கொண்டுபோக வேண்டும். அதெல்லாம் படித்திருந்தவனுக்கு ஈயப்பற்றைப் படிக்கத் தெரியவில்லை. "பூச்சு பழசுதானே?" என்று கேட்டான். "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது," என்றேன். பொடி வைத்துப் பேசுவது என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அது. இரண்டாயிரத்து முந்நூறு டொலர்.

மதாமின் மேசையில் பூதக்கண்ணாடி கொடுத்துக் காட்டிய அதே கோட்டை, கராஜ் மேசையில் விளக்குப் படாத பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். தாயின் பொன்னிலும் தட்டான் எடுப்பான் என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. அப்பாவுக்கு அதைக் கேட்டால் கண் சிவக்கும். வாங்கும்போது சொன்ன மாற்றை விற்கும்போதும் சொல்கிறவர் அவர். அந்தப் பழமொழிக்கு ஆள் அவரில்லை, நான்.

இந்த மாசியில் ஒரு இரவு, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வெட்டும் பூச்சும் தெரிந்த இருவர் நேர்மையாகப் பேசினால் அந்தத் துவக்கு ஆயிரத்து ஐந்நூறு டொலர் போகும். அப்படியென்றால் மதாமுக்கு நான் கொடுக்காதது ஆயிரத்து நூறு. பெடியனிடம் கூட எடுத்தது எண்ணூறு. இரண்டையும் கூட்டினேன்: ஆயிரத்துத் தொள்ளாயிரம். என்னுடைய இலாபமும் அச்சொட்டாக அதுதான். என் உழைப்பு, என் அறிவு என்று எடுத்து வைக்க ஒரு சதம் மிச்சமில்லை.

பெடியனுக்கு எண்ணூறு டொலர்க் காசோலையும் கடிதத்தின் பிரதியும் அனுப்பிவிட்டேன். காசோலை மாற்றப்பட்டிருக்கிறது. ஒரு வரி பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. அவனுக்கு அனுப்பியது லேசு, முகம் பார்க்கத் தேவையில்லை. மதாமின் உறை அப்படியில்லை. கொடுத்தால் ஏன் என்று கேட்பார். துவக்கு நல்ல விலைக்குப் போனது, உங்கள் பங்கு இது என்று ஒரு கதை நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னால் எனக்கு இன்னும் ஒரு துண்டு தார்த் கிடைக்கும்.

நேற்றும் அவர் வாசலில் பனி வழித்துவிட்டு வந்தேன். ஜன்னலுக்குள் நின்று கை காட்டினார். உறை கோட்டுப் பைக்குள்தான் இருந்தது.