எஸ்தாக்கியார் ஆற்றைக் கடந்த இரவு

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கூத்துப் பழக்கம் தொடங்கிவிட்டால் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளை நேரத்துக்குப் படுக்கவைக்க யாராலும் முடியாது. 1970களின் முற்பகுதி அது. கடலுக்குப் போகாத இரவுகளில் மத்தளம் கேட்கத் தொடங்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கொப்பியை மடியில் விரித்துவைத்து ஓர் அடியைப் பாடிக் காட்டுவார். பாட வந்தவர் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பகலில் இழுத்த வலையின் களைப்பில் அவர்களுக்குக் கண் சொருகும். நாங்கள் வலைக் குவியல்களில் சாய்ந்துகொண்டு, உப்பும் மீன்வாடையும் மூக்கில் ஏற, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். வெள்ளுடுப்பு ஒத்திகை ஆடும் நாள் வருவதற்குள் பாதிக் கூத்து எங்களுக்கு மனப்பாடம். ஆடுகிறவர் வரியைத் தவறவிட்டால் முன்வரிசைப் பிள்ளைகளின் உதடுகளைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்.

பாஷையூரிலும் நாவாந்துறையிலும் இதே கதைதான். ஞானசௌந்தரி, தேவசகாயம்பிள்ளை, செபஸ்தியார், விஜயமனோகரன் என்று கரையோரக் கத்தோலிக்கக் கோயிற்பற்றுகளில் கூத்துகள் மாறி மாறி மேடையேறும். பூந்தான் யோசேப்பு போன்றவர்களின் குரலைக் கேட்க ஊர் விட்டு ஊர் சனம் நடந்துபோன காலம். எனக்கு எல்லாவற்றிலும் மேலாக நின்றது எஸ்தாக்கியார்தான்.

ரோமாபுரியின் படைத்தளபதி ஒருவர். வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு கலைமானைத் துரத்துகிறார். மான் பாறையில் ஏறி நின்று திரும்பிப் பார்க்கிறது. அதன் கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர்கிறது. அன்றைக்கே மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஞானஸ்நானம் பெறுகிறார். அதற்குப் பிறகு நல்லது நடக்கும் என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும். நடப்பது வேறு. வேலைக்காரர்கள் நோயில் சாகிறார்கள், கால்நடைகள் சாகின்றன, வீட்டைக் கள்ளர் துடைத்துப் போகிறார்கள். ஊரை விட்டுக் கப்பலேறினால், கூலி கொடுக்க வழியில்லாதவரிடமிருந்து கப்பல்காரன் மனைவியைப் பிடித்துக்கொள்கிறான். பிள்ளைகளோடு ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார். ஒருவனை அக்கரையில் விட்டுவிட்டு மற்றவனை எடுக்கத் திரும்பும்போது, நடு ஆற்றில் நிற்கையில், ஒரு கரையில் சிங்கமும் மறுகரையில் ஓநாயும் பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு போகின்றன.

எங்கள் மேடையில் ஆறு என்பது இரண்டுபேர் பிடித்து அசைத்த நீலச் சேலை. மானின் கொம்புக்கு நடுவே ரோச் லைற் பல்ப் ஒன்று எரிந்தது. சிங்கம் ஒரு சாக்குக்குள் இருந்தது. பிடரிக்குக் காவி தோய்த்த தும்பு. உள்ளே யார் என்று எல்லோருக்கும் தெரியும், பக்கத்து வீட்டு அண்ணன். தவழ்ந்து வரும்போது சாக்குக்கு வெளியே அவருடைய குதிக்கால் வெடிப்புகள் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் துலக்கமாகத் தெரிந்தன. அன்று பின்னேரம் எங்களுக்குக் கச்சான் வாங்கித் தந்தவர் அவர். ஆனாலும் அவர் அந்தச் சின்னப் பையனின் சட்டையைப் பல்லால் பிடித்து இழுத்தபோது பாயில் இருந்த பிள்ளைகள் அத்தனைபேரும் ஒரே நேரத்தில் அலறினோம். குதிக்காலும் தெரிந்தது, சிங்கமும் தெரிந்தது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

சேலையின் நடுவில் எஸ்தாக்கியார் நின்றார். எந்தக் கரைக்கு ஓடுவது? மத்தளம் நின்றுவிட்டது. தாளம் மட்டும் மெல்லத் தட்ட, அதுவரை உச்சத்தில் பாடியவர் குரலைத் தாழ்த்தி ஆண்டவரைக் கேட்கத் தொடங்கினார். வேண்டுதல் இல்லை அது, வழக்கு. நீர் கூப்பிட்டீர், நான் வந்தேன், பிள்ளைகளை ஏன் எடுத்தீர் என்ற வழக்கு. கோயில் வளவுக்குள் ஒருவர் கடவுளை அப்படிக் கேட்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஞாயிறு ஞானோபதேசத்தில் சின்னக்குறிப்பிடத்தின் கேள்விகளுக்கு ஆயத்தமான விடைகள் இருந்தன, ஒப்புவித்தால் போதும். இங்கே கேள்வி மட்டும் இருந்தது. விடை வர விடிய வேண்டும்.

“இது மெய்யா நடந்ததோ ஆச்சி?” என்று அம்மம்மாவின் மடியைப் பிடித்து உலுக்கினேன்.

“நடந்ததோ எண்டு என்னைக் கேளாதை மோனை. அந்த மனிசன் எப்பிடி நிக்கிறார் எண்டு பார்.”

பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த புனிதர் கதைகளில் எஸ்தாக்கியார் கதையும் ஒன்று. ஐரோப்பா முழுவதும் அவர் கதை பரவிக் கிடந்தது. 1969இல் உரோமைத் திருச்சபை தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டெம்பர் 20இல் இருந்த அவருடைய நினைவை எடுத்துவிட்டது. வரலாறு என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. நாங்கள் பாயில் இருந்து அழுத அந்த இரவிலேயே அவர் நாட்காட்டியில் இல்லை. அதைப் படித்தபோது என் நம்பிக்கையில் ஒரு கீறலும் விழவில்லை. நான் நம்பியது நாட்காட்டியை அல்ல, நடு ஆற்றில் நின்றவரை.

அந்த ஆண்டு கூத்துக்கு முன் நடந்த ஒரு பேச்சை இங்கே சொல்ல வேண்டும். கூத்து மேடையேறுமுன் கொப்பியைச் சுவாமியார் பார்வையிடுவது வழக்கம். அப்போது இருந்தவர் நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் அக்கறையுள்ளவர். கப்பல்காரன் மனைவியைப் பறிக்கும் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னார். பிள்ளைகள் பார்க்கிறார்கள், கெட்ட ஆசையை மேடையில் காட்டுவது சரியில்லை என்றார். நாங்கள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணாவியார் சால்வையை இடுப்பில் கட்டியபடி நின்றார்.

“சுவாமி, சிங்கம் பிள்ளையைக் கவ்விற இடத்தை நீங்கள் வெட்டச் சொல்லேல்லை.”

“அது மிருகம்.”

“எங்கடை பிள்ளையள் ஒருநாளும் சிங்கத்தைக் காணாதுகள், சுவாமி. கப்பல்காறனை நாளைக்கே காணுங்கள்.”

சுவாமியார் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில் ஓர் இணக்கம் வந்தது. கட்டம் இருக்கும், பறிப்பது மட்டும் திரைக்குப் பின்னால். அப்படியே ஆடினார்கள். எஸ்தாக்கியாரும் பிள்ளைகளும் மேடையில் நிற்க, திரைக்குப் பின்னிருந்து அவள் பாடினாள் (பெண் வேடம் கட்டியவர் மீன் ஏலம் கூறுகிற ஒருவர்; அவர் குரல் அப்படிக் குழையும் என்று அன்றுவரை யாரும் அறியவில்லை). பாட்டு நடுவில் அறுந்தது. அவ்வளவுதான். கப்பல்காரனுடைய கை அவள் மேல் படுவதை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் அவன் செய்தது பாவம் என்பதில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஐயம் இருக்கவில்லை. “ஏனணை ஆச்சி அவளைப் பிடிச்சு வைச்சிருக்கிறான்?” என்று கேட்டேன். “அவன்ரை கண் கெட்டது. அவளைக் கடவுள் காப்பார், நீ அவன் முகத்தை மறந்துபோகாதை” என்றா. எனக்கு ஆண் பெண் உறவின் இருட்டான பக்கத்தைப் பற்றி முதன்முதலில் சொல்லித்தரப்பட்டது அந்தப் பாயில், ஆச்சியின் செபமாலை என் முழங்காலில் உரச.

ஞானசௌந்தரி இன்னும் கொடியது. சிற்றன்னை லேனாள் ஏவிவிட, காட்டுக்குள் கொண்டுபோய் அவளுடைய இரண்டு கைகளையும் வெட்டுகிறார்கள். பிலேந்திரன் அவளை மணக்கிறான். அவன் போருக்குப் போன நேரத்தில் கடிதங்களை மாற்றி அவளைக் கைக்குழந்தைகளோடு திரும்பவும் காட்டுக்குத் துரத்துகிறார்கள். அங்கே மாதா தோன்றிக் கைகளைத் திருப்பிக் கொடுக்கிறா. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்ததிலும் கையிழந்த பெண்ணின் கதை ஒன்று உண்டு. அதுவும் நம்மூர்க் கூத்தும் ஒரே கதைக் குடும்பம். மன்னாரில் ஆடிவந்த ஞானசௌந்தரி நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1967இல் பதிப்பித்தார். 1948இல் தமிழ்நாட்டில் படமாகவும் வந்தது. எங்கள் மேடையில் பச்சைப் பாளையில் துணி சுற்றி, சிவப்புச் சாயத்தில் தோய்த்து, வெட்டிய கைகள் என்று தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். என் தங்கச்சி ஒரு கிழமை தன் கைகளைப் போர்வைக்கு வெளியே விட்டுப் படுக்கவில்லை. ஆனால் காலையில் எழும்பினால் மாதா கை கொடுக்கும் கட்டத்தைத்தான் விளையாடுவாள். சட்டைக்குள் ஒளித்த கைகளை மெல்ல மெல்ல வெளியே நீட்டி, ஒவ்வொரு விரலாக விரித்து.

புரட்டஸ்தாந்துப் பக்கத்தில் கூத்துக்கு இடமில்லை. அமெரிக்க மிசனார் 1816இல் வந்து வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் நட்டது பள்ளிக்கூடமும் அச்சும். ஆனால் அவர்களுடைய அச்சுப் புத்தகங்களிலும் அரக்கர் இருந்தார்கள். வட்டுக்கோட்டையில் ஒரு சிநேகிதன் வீட்டில் ‘மோட்சப் பிரயாண’த்தை விடுமுறைக் காலத்தில் வாசித்தேன். அவநம்பிக்கை என்ற இராட்சதனின் சிறையில் வழிப்போக்கர் அடிவாங்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்தது நினைவிருக்கிறது. சாகச் சொல்லி அவன் அவர்களை ஏவுவான். அந்த நாளில் யாரும் பிள்ளைகளோடு பேசத் துணியாத ஒன்றை 1678இல் ஒரு பிரசங்கி எழுதிவைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலேயே 1856இல் அச்சான ‘காவலப்பன் கதை’யும் இந்த வகைதான்: முகத்துதிக்கு மயங்கிய ஒரு வாயிற்காவலன் கள்ளருக்குக் கதவைத் திறக்கிறான். கதவு திறந்தால் என்ன நடக்குமோ அது நடக்கிறது. நல்ல முடிவு என்று எதையும் ஒட்டவில்லை.

இவற்றையெல்லாம் சொல்வது இரத்தம் கூடினால் கதை நல்லது என்பதற்காக அல்ல. எங்கள் அண்ணாவிமார் கொடுமையைச் சுவைக்கவிடவில்லை. வெட்டுவது கண்ணிமைக்கிற நேரம். வெட்டப்பட்டவளின் புலம்பல் கால் மணி நேரம். கதை யாருடைய வாயிலிருந்து பாடப்படுகிறது என்பதிலேயே அதன் ஒழுக்கம் இருந்தது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கான கதைகளைத் தரம்பிரிக்கிறவர்கள் எத்தனை சாவு, எத்தனை முத்தம் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ண வேண்டியது அதுவல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு போர் வந்தது. 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு எழும்பி நாவற்குழிப் பாலத்துக்குள் நெரிந்தது. மழை. எங்களுக்கு முன்னால் ஒரு தாய் நெரிசலில் ஒரு பிள்ளையின் கையை விட்டுவிட்டாள். மற்றப் பிள்ளை இடுப்பில். முன்னுக்குப் போவதா, திரும்புவதா? குழறிக்கொண்டு நின்றாள். ஆச்சி அப்போது இல்லை. அம்மாதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “எஸ்தாக்கியார் நிண்ட மாதிரி நிக்கிறாள் தம்பி” என்றா. சொல்லிவிட்டு நிற்கவில்லை, பெயரைக் கேட்டுக்கொண்டு சனத்துக்குள் பிள்ளையைக் கூப்பிடத் தொடங்கினா. சுற்றியிருந்தவர்களும் கூப்பிட்டார்கள். சைக்கிள் ஒன்றின் பாரில் இருத்தி யாரோ பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அந்த இரவில் எங்களுக்கு விளக்கம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் இப்படி ஒன்று ஒரு மனிதனுக்கு முன்பும் நடந்தது, அவர் கடவுளோடு வழக்காடினார், கடவுளை விடவுமில்லை என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

போன வருடம் தங்கச்சி ரொறன்ரோவிலிருந்து எடுத்தாள். மகளுக்குப் பதின்மூன்று வயது. நார்னியாக் கதைகளை முடித்துவிட்டு, ஒரு கிறிஸ்தவப் பதிப்பகம் வெளியிட்ட மாயக்கதை ஒன்றை வாசிக்கிறாள். வாள், பேய், சிறைபிடிக்கப்பட்ட பெண்கள். ஜெபக்கூட்டத்தில் ஒருவர் இது விசுவாசப் பிள்ளைகளுக்கு ஆகாது என்றாராம். “என்னண்ணை செய்ய, பறிக்கிறதோ?”

“நார்னியாவில சிங்கத்தைக் கட்டிப்போட்டு, பிடரியை மழிச்சுக் கொல்லுறதை வாசிச்சவள்தானே?”

“ஓம். அழுதவள்.”

“அப்ப இந்தப் புத்தகத்தை நீ முதல் வாசி. பெண்ணைச் சிறைபிடிக்கிற இடத்தில கதை ஆரோடை நிக்குது எண்டு பார். அவளோடை நிண்டா, பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து வாசி. பிடிச்சவனோடை நிண்டா, பறிச்சு வை. ஏனெண்டும் சொல்லிப் பறி.”

போர்வைக்குள் கை ஒளித்துப் படுத்தவள் அவள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த கிழமை மருமகளே கதைத்தாள், அரைத் தமிழில். அம்மா சொன்ன சிங்கக் கதையை மாமா முழுக்கச் சொல்ல வேண்டுமாம். ஆற்றங்கரை வரைக்கும் சொன்னேன். இடையனும் உழவர்களும் பிள்ளைகளைக் காப்பாற்றியதையும், ஆண்டுகள் கழித்துத் தாய் அவர்களுடைய பேச்சை ஒட்டுக்கேட்டுத் தன் பிள்ளைகள் என்று கண்டுபிடித்ததையும் சொன்னேன். “அப்ப எல்லாரும் ஒண்டாச் சேந்திட்டினம், முடிஞ்சுதோ?” என்றாள். இல்லை என்றேன். புதிய பேரரசன் சிலைக்குத் தூபமிடச் சொன்னான், மாட்டேன் என்றார்கள், அரங்கில் விட்ட சிங்கம் அவர்களைத் தொடவில்லை, அதனால் வெண்கலக் காளை ஒன்றைக் காய்ச்சி நால்வரையும் அதற்குள் அடைத்தான் என்று அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, உள்ளே அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்களா என்று கேட்டாள். எங்கள் கூத்தில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள் என்று சொன்னேன்.