மூன்று வயதுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

போடிநாயக்கனூரில் விடிந்தும் விடியாததுமாக ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண்கள் போகிறார்கள்; பொழுது சாயத் திரும்புகிறார்கள். அதுவரை அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? கல்வி நிபுணர்களின் வாதங்களையெல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் வைத்துக்கொள்வேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு பாட்டி. மருமகள் மலைக்குப் போகிறவள். பேத்தியை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடுவதா, தெருமுனை அங்கன்வாடியில் விடுவதா என்று வீட்டில் ஓயாத சண்டை.

"பால்வாடியில பாட்டுத்தான் பாடுறாக, அய்யா. அங்க போட்டா ஏ, பி, சி, டி எழுதுதுக. இது பின்தங்கிப் போயிருமோன்னுதான் பயமா இருக்கு" என்றாள்.

பேசிக்கொண்டே முறத்தில் ஏலக்காய் பொறுக்கினாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்து, பருத்தது ஒரு கிண்ணம், சிறுத்தது ஒரு கிண்ணம், வாய் வெடித்தது ஒரு கிண்ணம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். சிறுசில் போட்ட ஒரு காயை உற்றுப் பார்த்தாள். எடுத்துப் பெரிசில் போட்டாள். யாரும் சொல்லவில்லை. (இது விளையாட்டாக இருக்கும்வரை சரி. கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் கூலி.)

மரியா மாண்டிசோரி பார்த்திருந்தால் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஒன்றும் தொலைதூரத்தில் இருந்தவரல்ல. 1939-ல் சென்னைக்கு வந்தார். யுத்தத்தில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் ஊர் திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். அவர் முறையில் பென்சிலுக்கு முன் விரலுக்குத்தான் வேலை. குழந்தை உருளைகளை அளவு பார்த்துக் குழியில் பொருத்தும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவும். தவறினால் உருளையே காட்டிக்கொடுத்துவிடும். வாத்தியார் சத்தம் போட வேண்டியதில்லை.

எழுத்தை விரலால் அறிவது நமக்குப் புதிதா என்ன? திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் எழுதியவர்கள்தாமே நம் பாட்டனார்கள்! எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் விடுதியிலும் அதைப் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டார். 'மதராஸ் முறை' என்று அங்கே அது பரவிற்று. அதற்காகத் திண்ணையின் பிரம்பையும் கோதண்டத்தையும் நான் புகழ வரவில்லை. மணலை மட்டும் வாங்கிக்கொண்டு வாத்தியாரை அனுப்பிவிடலாம்.

வேடிக்கை ஒன்று உண்டு. மாண்டிசோரி 1907-ல் ரோமாபுரியில் தொடங்கிய முதல் பள்ளி, பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட ஏழைக் குழந்தைகளுக்கானது. இன்று அவர் பெயர் பலகையில் ஏறினால் கட்டணமும் ஏறுகிறது; உள்ளே எட்டிப் பார்த்தால், பல இடங்களில் குழந்தை நாலு கோடு நோட்டில் எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. ஜீப் ஏறும் தாயின் குழந்தைக்கு மிஞ்சுவது, 1975-ல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிதான். சோறு, முட்டை, பாட்டு, கதை, தூக்கம். மூன்று வயதுக்குப் பாட்டும் பாடந்தான் என்றேன். பாட்டி நம்பவில்லை.

அங்கன்வாடி ஆசிரியையைப் பார்த்தேன். அளவு வாரியாக அடுக்கப் பத்துச் சிரட்டை, எழுதிப் பார்க்க ஒரு தட்டு மணல் வைக்கலாமே என்று யோசனை சொன்னேன்.

"சிரட்டை இருக்கு சார். மணலும் வெச்சிருந்தேன், பூனை வந்து கெடுத்துருது" என்றார்.