மிச்சம் இரண்டு முந்திரி

பாரீஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறில் ஒன்றைவிட ஏழில் ஒன்று சிறியது என்பது கனகசெட்டிக்குளத்தில் உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். ஆறைவிட ஏழு பெரிது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிவிட்டு, கோட்டுக்குக் கீழே போனதும் தலைகீழ் என்றால் எந்தப் பிள்ளைதான் நம்பும்? வட்டம் போட்டுத் துண்டுகளுக்கு வர்ணம் தீட்டச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வர்ணம் தீட்டுவதில் யாருக்கும் நஷ்டம் வருவதில்லையே!

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மீன் இறங்கும் கடற்கரை இருக்கிறது. மீன் ஏலம் போய், டீசல், ஐஸ் செலவு கழித்து 6,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள். ஆள் நாலு பேருக்கு நாலு பங்கு, படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. (இந்த முறை ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும்.) பங்குக்கு 1,000. இன்னொருத்தன் படகில் ஏறினால் பங்கு ஏழாகும். தலா 857 ரூபாய்தான், ஒரு ரூபாய் மிஞ்சும். ஏழில் ஒன்று ஏன் சிறிது என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். படகும் வலையும் பங்கு வாங்குவதையும் காட்டு. எத்தனை பேர் என்று எண்ணி வகுத்தால் கணக்கு தப்பும். எத்தனை பங்கு என்றுதான் எண்ண வேண்டும்.

அந்த ஒரு ரூபாய் மிச்சம் நம் பழைய பின்னக் கணக்கை நினைவூட்டுகிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த காலத்தில் அரை, கால், அரைக்கால், மா, காணி என்று இறங்கி முந்திரிவரை போவார்கள். முந்திரி என்பது 320இல் ஒன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு அந்தக் கணக்கைப் பற்றி 2022இல் ஒரு புத்தகமே கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பின்ன வரிசையில் எனக்குப் பிடித்த இடம், அது திணறும் இடம். ஒன்றை மூன்று பேருக்குப் பிரி. ஆளுக்கு 106 முந்திரி. இரண்டு முந்திரி மிச்சம். முந்திரியையும் 320ஆகப் பிளந்தால் கீழ்முந்திரி. அந்த இரண்டுக்கு 640 கீழ்முந்திரி. ஆளுக்கு 213, ஒன்று மிச்சம். எவ்வளவு இறங்கினாலும் மிச்சம் தீராது. இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பெருக்கி வந்த எண் 320; அதற்குள் மூன்று இல்லை.

1795இல் பிரான்ஸ் மீட்டரைச் சட்டமாக்கி, அளவுகளைப் பத்துப் பத்தாகப் பிரித்தது. பத்துக்குள்ளும் இரண்டும் ஐந்தும்தான். அதனால் இங்கே ஒரு யூரோவை மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 33 சென்ட், ஒரு சென்ட் மேஜைமேல் கிடக்கும். தசமத்தில் எழுதினாலும் 0.333 என்று மூன்று ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றில் ஒன்று என்று கோடு போட்டு எழுதிவிட்டால் மிச்சமே கிடையாது. வகுத்து முடிக்காமலேயே சரியான விடை!

ஏழு பங்குக்கு முந்திரிக் கணக்கைப் போடச் சொல்லிப் பார். 45 வரும், ஐந்து மிஞ்சும். அந்த ஐந்தை என்ன செய்யலாம் என்று உன் பிள்ளைகள் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
தம்பி